கொர்திலோவின் கையெழுத்து

தாது வருஷம், ஆனி 4, புதன்

காற்றில்லை. ஏழு மணிக்கே வெயில் ஏறிவிட்டது.

நெடுநாள் யோசனைக்குப் பிறகு இன்று ஒரு தீர்மானத்துக்கு வந்தேன். இனி பங்குப் பத்திரங்களை மடித்து வைப்பதில்லை. விரித்தே வைப்பது. விளைவுகளை எல்லாப் பக்கமும் ஆராய்ந்தாகிவிட்டது. ஏழரை மணிக்கு ருக்மணியிடம் முறைப்படி தெரிவித்தேன். குழம்புக்கு முருங்கைக்காயா கத்தரிக்காயா என்று கேட்டாள். முருங்கைக்காய் என்றேன். ஆக ஒரே காலையில் இரண்டு தீர்மானங்கள். பாகூர் மேரியில், அதாவது மேயர் ஆபீசில், நான் பிறப்பும் இறப்பும் விவாகமும் எழுதிவரும் பதினெட்டு வருஷத்தில் இவ்வளவு வேகத்தைக் கண்டதில்லை.

கையிருப்பு:
பனிக்கட்டிக் கம்பெனி, 2. சரக்கு போன வழியே கம்பெனியும்.
ஆற்றுப் படகுக் கம்பெனி, 1. ஆற்றில் தண்ணீர் வருமா என்று பங்குதாரர்கள் கேட்கவில்லை.
வெள்ளிச் சுரங்கம், 4. எந்த தேசத்தில் என்று பத்திரத்தில் இல்லை.
நூற்பாலை, 3. நிறுவியவர் மூவர், கையெழுத்தும் மூன்று. பிற்பாடு மூவரும் ஒருவர் மேல் ஒருவர் வழக்கு.
தீப்பெட்டிக் கம்பெனி, 1. எரிந்துவிட்டது.

மொத்தம் பதினொன்று. எல்லாம் மூழ்கியவை. எல்லாவற்றிலும் நிறுவியவரின் சொந்தக் கையெழுத்து. உயிரோடிருக்கும் கம்பெனியின் பங்கை வாங்குவதில்லை. அது சூதாட்டம்.

இல்லாதது ஒன்று. முசே கொர்திலோ. அவுரியும் நீலத்துணியும் மூன்று கப்பலும் வைத்திருந்த பிரெஞ்சு வியாபாரி. அவர் குதிரை வண்டி வந்தால் கவர்னர் வண்டி ஒதுங்கி நின்றதாகச் சொல்வார்கள். பின்னாளில் கைவலி கண்டு ரப்பர் முத்திரைக்குப் போய்விட்டார். தன் கையால் போட்ட பத்திரங்கள் சொற்பம். அதில் ஒன்று இங்கிருந்து நடக்கிற தூரத்தில், சோரியாங்குப்பத்தில், கோவிந்தசாமி என்ற குடியானவர் வீட்டில். அவருடைய பாட்டனார் கொர்திலோவுக்கு அவுரி பயிரிட்டவர். ஒரு வருஷம் பணத்துக்குப் பதில் பங்கு கொடுத்துவிட்டார்கள்.

நான் பார்த்தது மாசியில். நிலக் காகிதங்களில் எது எது என்று கேட்கக் கட்டோடு மேரிக்கு வந்தார். பட்டாவுக்கும் ஒரு கிரயப் பத்திரத்துக்கும் நடுவில் இது. மேலே கப்பல், ஓரமெல்லாம் அவுரிச்செடி, வலது பக்க அடியில் கொர்திலோவின் கையெழுத்து. பின்னங்காலில் எழும்பும் குதிரை போல் ஆரம்பித்து, கோடு காகிதத்தின் விளிம்பு வரை ஓடியிருந்தது. அடுத்தவன் நிலத்தில் போய்த்தான் நிற்கும் போல.

கம்பெனி மூழ்கி ஐம்பது வருஷம், காசு பெறாது, எனக்கு வேண்டியது கையெழுத்து மட்டும் என்று சொன்னேன். சொன்ன அதே வாயால் பத்து ரூபாய் என்றேன். பிறகு பதினைந்து. பிறகு வீட்டிலிருக்கும் கிடாரிக் கன்று.

கோவிந்தசாமி பத்திரத்தை நாலாக மடித்து மடியில் வைத்துக்கொண்டார். "செத்ததுக்கு யாருங்க கன்னுக்குட்டி தருவாங்க" என்றார். என் மேல் இரக்கத்தோடு.

ஆனி 6, வெள்ளி

புழுக்கம். ஏரியில் தண்ணீர், வழிந்தோடும் கலங்கல் மட்டத்துக்கு வெகு கீழே. மேயர் வரவில்லை. ஆகவே ஆபீஸ் நன்றாக நடந்தது.

கோவிந்தசாமி வெற்றிலைப் பாக்கு, ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வீட்டுக்கு வந்தார். விற்கத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன். மெத்தைப் பாயை நானே எடுத்துப் போட்டேன்.

மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாம். தனபாக்கியம். மாப்பிள்ளை, கரியமாணிக்கம் கிராமத்து முத்துக் கவுண்டரின் இரண்டாவது மகன். இரண்டு கிணறு, கரும்பு. முகூர்த்தம் ஆனி 23, விடிகாலை. விட்டால் ஆடி.

முன்னே இரண்டு இடம் வந்தது, பெண்ணையாறு தின்றுவிட்ட நிலத்தைப் பார்த்துவிட்டுப் போனது, பதிலே இல்லை என்றார். இந்தத் தடவை முத்துக் கவுண்டரிடம் நிலத்தைக் காட்டவில்லை. பத்திரத்தைக் காட்டியிருக்கிறார். கம்பெனிப் பங்கு பெண்ணுக்குச் சீராக வரும் என்று பேச்சு. அவர் கொஞ்சம் தயங்கியிருக்கிறார். அதற்கு கோவிந்தசாமி சொன்ன ஆதாரம்: "பிரெஞ்சு படிச்ச மேரி ஐயாவே கன்னுக்குட்டி தரேன்னு கெஞ்சினாருங்க, நான் குடுக்கல." உடனே தாம்பூலம் மாற்றிவிட்டார்களாம்.

ஆக இந்தச் சம்பந்தத்தை முடித்து வைத்தது என் கன்று.

இன்னும் இருக்கிறது. பெண் அழைப்பன்று நான் வண்டியோடு வரவேண்டும். சீர்த் தட்டுகளை வைத்த பிறகு, சபையில் பத்திரத்தைப் படித்து அர்த்தம் சொல்ல வேண்டும். முத்துக் கவுண்டர் கேட்டுக்கொண்டாராம். வருகிறேன் என்றேன். வேறு என்ன சொல்வது? பெண்ணின் தகப்பன் வெற்றிலைத் தட்டோடு நிற்கிறார்.

உண்மையைச் சொன்னால் கல்யாணம் நின்றது. சொல்லாவிட்டால் நான் பொய்ச்சாட்சி. நடுவில் இடமில்லை.

ருக்மணியிடம் சொன்னேன். முழுதும் கேட்டுவிட்டு, "அந்தக் கன்னுக்குட்டி எங்கப்பா எனக்குக் குடுத்தது" என்றாள். இரவுச் சாப்பாட்டுக்கு ரசம் மட்டும்.

ஆனி 9, திங்கள்

பிற்பகல் இடி. ஒரு கால் மணி மழை. மைப் புட்டியில் எறும்பு.

பொய் சொல்லாமல் படிப்பது எப்படி என்று குறித்துப் பார்த்தது:

1. பிரெஞ்சில் மட்டும் கம்பீரமாகப் படித்துவிட்டு உட்காருவது. அர்த்தம் கேட்பார்கள். போயிற்று.

2. அச்சில் உள்ளதை மட்டும் தமிழில் சொல்வது. "மூலதனம் ஐந்து லட்சம் பிராங்கு. இதைக் கையில் வைத்திருப்பவர் ஐந்நூறு பிராங்குக்கு உரிமையாளர்." ஒவ்வொரு சொல்லும் உண்மை. அச்சடித்த அன்று. பிறகு யாராவது, இப்போது எவ்வளவு என்பார்கள். ஊரில் அப்படி ஒருவன் எப்போதும் உண்டு.

3. காய்ச்சல். கைவசம் வைத்துக்கொள்வது.

மேயர் வந்தார். பட்டிக்குக் கூரை போடுவது பற்றி அறிக்கை கேட்டார். பட்டியில் மாடு இல்லையே என்றேன். அதையும் அறிக்கையில் சேர்க்கச் சொன்னார்.

ஆனி 11, புதன்

பதினோரு மணி. ஆபீசில் ஆள் இல்லை. தனபாக்கியம் சித்தியோடு வந்தாள், விவாகத்துக்குப் பிறப்புச் சான்று வாங்க. பதினெட்டு வயது. அவள் பிறப்பை எழுதியது நான்தான், வேலைக்குச் சேர்ந்த புதிதில் இருந்த என் கோழைக் கையெழுத்தில். சித்தியை வாசலில் விற்ற நுங்குக்காரியிடம் அனுப்பிவிட்டு, மேஜைக்குக் கிட்டே வந்தாள்.

"அந்தக் காயிதம் செத்ததுன்னு எனக்குத் தெரியும் மாமா."

எப்படித் தெரியும் என்றேன்.

"மாசியில எங்கப்பாகூட நானுந்தானே வந்தேன். இதோ இந்தத் தூணுகிட்ட நின்னுக்கினு இருந்தேன். நீங்க சொன்னத நான் நம்பினேன். எங்கப்பாதான் கன்னுக்குட்டிய நம்பிட்டாரு."

மாப்பிள்ளையை அவளுக்குத் தெரியுமாம். பாகூர்த் தேருக்கு வந்தபோது பார்த்தது. கூட்டத்தில் அவனுடைய செருப்பு ஒன்று போய்விட, மீதி ஒன்றையும் கழற்றி யாருக்காவது உதவும் என்று மரத்தடியில் வைத்துவிட்டுப் போனானாம். இதை அவள் ஒரு சிபாரிசாகச் சொன்னாள். யோசித்தால் சிபாரிசுதான்.

சபையில் என்னைக் கேட்டால் நான் சர்க்கார் உத்தியோகஸ்தன், இல்லாததை இருப்பதாகச் சொல்வதற்கில்லை என்றேன். என் குரல் எனக்கே அறிக்கை போல் கேட்டது.

"இருக்குதுன்னு சொல்ல வேணாம் மாமா. இல்லன்னும் சொல்ல வேணாம். சும்மா இருங்க. நாலு நாழி சும்மா இருக்க முடியாதா உங்களால?"

முடியும் என்றேன். பதினெட்டு வருஷமாக அதைத்தானே செய்கிறேன் என்று சொல்லவில்லை.

சான்றில் தேதியை இரண்டு தடவை சரிபார்த்துக் கொடுத்தேன். நுங்கு ஒன்று வைத்துவிட்டுப் போனாள். இளசு.

ஆனி 15, ஞாயிறு

வெயில். கன்று கயிற்றை அறுத்துக்கொண்டு பக்கத்துக் கொல்லையில் கீரைப்பாத்தியை முடித்துவிட்டது. அதன் மதிப்பு மேலும் உயர்ந்தது.

பதினொன்றையும் விரித்து வைத்துக் கையெழுத்துகளை ஒப்பிட்டது. முடிவு: கையெழுத்தின் வால் எவ்வளவு நீளமோ அவ்வளவு சீக்கிரம் கம்பெனி முழுகியிருக்கிறது. பனிக்கட்டிக்காரர் வால் ஒன்றரை அங்குலம், இரண்டு கோடைக்குத் தாங்கினார். நூற்பாலையின் மூன்றாமவர் பள்ளிப் பையன் போல் நேராக எழுதியிருக்கிறார். வழக்கில் ஜெயித்தவர் அவர்தான். கொர்திலோவின் வாலை அளந்து பார்க்க ஆசை. அளக்கப் போவதில்லை. அது ஒரு பெண்ணின் சீர். இதை இங்கே எழுதி வைக்கிறேன், மறுபடி கை நீளாதிருக்க.

காய்ச்சல் பழகிப் பார்த்தேன். ருக்மணி நெற்றியைத் தொடாமலேயே "எழுந்திருங்க" என்றாள்.

ஆனி 22, ஞாயிறு. கரியமாணிக்கம்

நல்ல வெளிச்சம் இருக்கும்போதே எழுதிவிடுகிறேன். இறங்கியிருக்கும் வீட்டில் எல்லாரும் பந்தலுக்குப் போய்விட்டார்கள்.

காலை எட்டுக்கு மூன்று வண்டி கிளம்பியது. முதல் வண்டியில் பெண்டுகள், தனபாக்கியம். இரண்டாவதில் சீர். மூன்றாவதில் கோவிந்தசாமி, நான், தவுல்காரர், தவுல். பத்திரம் என் மடியில், இரண்டு அட்டைக்கு நடுவில். முதன்முறையாக என் கையில் முழுசாக ஒரு மணி நேரம். பிரித்துப் பார்க்கவில்லை. ஒரு தடவை பார்த்தேன்.

பாகூரிலிருந்து கரியமாணிக்கம் போக நடுவில் கொஞ்சம் இங்கிலீஷ்காரன் மண். பிரெஞ்சு ஊரிலிருந்து பிரெஞ்சு ஊருக்குப் போகிறவர்களும் அவனுடைய சுங்கச் சாவடியில் நின்று, மூட்டையைப் பிரித்துக் காட்டி, தீர்வை கட்டிவிட்டுத்தான் போகவேண்டும். இதற்காக இந்தப் பக்கத்து ஜனங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. சாவடியில் எதைக் கேட்டாலும் பழசு, ஓட்டை, ஒன்றும் பெறாது. கோயிலில் செருப்பைக் கழற்றுவது போல் இங்கே உண்மையைக் கழற்றி வைப்பது. யாரும் அதைப் பொய் என்று எண்ணுவதில்லை.

முத்துக் கவுண்டர் நாலு பேரோடு சாவடிக்கே வந்து எதிர்கொண்டு நின்றார். பருத்த, மெதுவாகப் பேசுகிற மனிதர். எதிர்பார்க்கவில்லை. சபையில் வரும் கண்டம் வழியிலேயே வந்துவிட்டது.

சாவடி அதிகாரி கடலூர்க்காரர். தலையில் நனைத்த துண்டு. ஒவ்வொன்றாக எடுத்துக் கேட்டார். பித்தளை அண்டா? ஓட்டை என்றார் கோவிந்தசாமி. அண்டா வெயிலில் கண்ணைப் பறித்தது. பட்டுப்புடவை? "பத்து வருசமா கட்றேன் சார்" என்றாள் கோவிந்தசாமியின் தங்கை. புடவையில் கடைக்காரன் குத்திய ஊசி அப்படியே இருந்தது. அதிகாரி மறுக்கவும் இல்லை, நம்பவும் இல்லை. தன் மனதுக்குப் பட்டதை எழுதிக்கொண்டே போனார். இரண்டு பக்கமும் மனஸ்தாபம் கிடையாது.

கடைசியில் என் அட்டை. பிரித்தார். கப்பலைப் பார்த்தார். அவுரிச்செடியைப் பார்த்தார்.

"இது இன்னா?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நானும் வாக்குக் கொடுத்தபடி சும்மா இருந்தேன். அவர் மறுபடி கேட்டார். கம்பெனிக் காகிதம் என்றேன். மதிப்பு சொல்லுங்கள் என்றார். சும்மா இருந்தேன். மதிப்பு சொல்லாத சரக்கைக் கடலூருக்கு அனுப்பித்தான் தீரவேண்டும், பதில் வர நாலைந்து நாள், அதுவரை வண்டிகள் இங்கேயே நிற்கட்டும் என்றார். முகூர்த்தம் விடிந்தால். முதல் வண்டியின் கூண்டுத் துணி விலகியது. தனபாக்கியத்தின் கண் தெரிந்தது. என்ன சொல்கிறது என்று தெரியவில்லை.

இங்கிலீஷ் சர்க்காரிடம் மதிப்பை இட்டுக்கட்டிச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. அதையும் எழுதிவிடவேண்டியதுதான். சத்தியத்தின் மேல் பற்றினால் அல்ல, உத்தியோகத்தின் மேல் பற்றினால் சொன்னேன்:

"ஒரு காசு பெறாதுங்க. கம்பெனி முழுகி அம்பது வருஷம். கையெழுத்துப் போட்டவர் செத்து நாப்பது வருஷம். இது வெறும் காயிதம்."

தெளிவாகச் சொன்னேன். மூன்று வண்டிக்கும் கேட்டிருக்கும். தவுல்காரர் கூடத் திரும்பினார். கோவிந்தசாமி தரையைப் பார்த்தார்.

முத்துக் கவுண்டர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பக்கத்தில் வந்து, மெதுவாக, காதோரம்:

"முப்பது வருசமா இந்தச் சாவடில சொல்லிக்கினு இருக்கேங்க. இப்படி ஒரு மொகத்த வச்சிக்கினு சொல்ல எனக்கு இன்னும் வரல."

அதிகாரி பத்திரத்தில் இலக்கம் இருக்கும் இடத்தில் விரலை வைத்தார். இது என்ன என்றார். ஐந்நூறு பிராங்கு என்றேன். "அப்பறம் ஒண்ணும் பெறாதுன்றீங்க. படிச்சவங்க நீங்களே இப்படி சொன்னா, இவங்கள இன்னான்னு கேக்கறது நான்?" என்று வருத்தத்தோடு சொன்னார். அவர் கைப்புத்தகத்தில் பங்குப் பத்திரத்துக்கு விகிதம் இல்லை. கொஞ்சம் தேடி, விளையாட்டுச் சீட்டு என்ற தலைப்பின் கீழ் சேர்த்தார். மதிப்பு ஐந்நூறு பிராங்கு என்று ரசீது எழுதி முத்திரை குத்தினார்.

தீர்வையைக் கட்ட கோவிந்தசாமி மடியை அவிழ்த்தார். முத்துக் கவுண்டர் தடுத்துத் தானே கட்டினார். ரசீதை வாங்கி இரண்டு தடவை ஊதி, மை காய்ந்த பிறகு மடித்துக்கொண்டார்.

வண்டி கிளம்புமுன் முதல் வண்டிப் பக்கம் போனேன். கூண்டுக்குள்ளிருந்து:

"சும்மா இருங்கன்னுதானே சொன்னேன்."

பிறகு துணிக்கு வெளியே ஒரு கை வந்து நாலு வெற்றிலை கொடுத்தது.

ஆனி 23, திங்கள்

முகூர்த்தம் சரியான வேளைக்கு. தாலி கட்டியாயிற்று. மாப்பிள்ளை காலில் இரண்டு செருப்பும் இருந்ததைக் கவனித்தேன்.

நேற்று மாலை சபையில் பத்திரம் படிக்கவில்லை. தொண்டையைச் செருமி எழுந்தேன். முத்துக் கவுண்டர் உட்காரச் சொன்னார். படித்தது போதுமாம், சாவடியிலேயே படித்தாகிவிட்டதாம். அவர் கூட வந்த நால்வரும் நான் சொன்னதை என் குரலிலேயே சொல்லிக் காட்டினார்கள். "வெறும் காயிதம்." பந்தல் முழுக்கச் சிரிப்பு. எனக்கு இரண்டு தடவை பாயசம்.

ஆனி 25, புதன்

வீடு. மேகமூட்டம். முதுகுவலி.

மேரியில் விவாகத்தைப் பதிந்தேன். தனபாக்கியம் தன் பெயரைத் தானே எழுதினாள். வால் இல்லை.

கோவிந்தசாமி தனியாக வந்து கையைப் பிடித்துக்கொண்டார். "நல்ல வேளைங்க, சாவடில மறச்சிட்டீங்க. இல்லன்னா எவ்ளோ தீர்வ போட்டிருப்பான்." நான் மறைக்கவில்லை என்று ஆரம்பித்தேன். தெரியும் தெரியும் என்று கண்ணைச் சிமிட்டினார்.

தவளக்குப்பத்திலிருந்து ஒருவர் ஒரு பழைய காகிதத்தோடு காத்திருந்தார். மூக்குப்பொடி விளம்பரம். விற்கிற உத்தேசம் இல்லையாம். நான் எவ்வளவுக்குக் கேட்பேன் என்று மட்டும் தெரிந்துகொண்டு போக வந்தாராம்.

ருக்மணி, சாவடியில் புடவை தப்பியதா என்று கேட்டாள். இல்லை என்றேன். கன்றுக்குத் தவிடு வைக்கப் போய்விட்டாள். சாப்பாட்டில் பொரியல் திரும்பிவிட்டது.

ஆனி 29, ஞாயிறு

காலையில் தூறல். பிறகு வெயில்.

கரியமாணிக்கத்தில் கறி விருந்து. சாவடியில் அதே அதிகாரி. என்னைக் கண்டதும் மடியில் என்ன என்று கேட்டார். ஒன்றுமில்லை என்றேன். சோதனை போட்டார்.

தனபாக்கியம் கிணற்றடியில் நின்று மாமியாரோடு எதற்கோ வாதாடிக்கொண்டிருந்தாள். சொந்த வீடு போல். என்னைக் கண்டு தலையை ஆட்டினாள். மாப்பிள்ளை இலை போட்டான். ஆட்டுக்கறி நன்றாக வெந்திருந்தது. எலும்பு அதிகம்.

கை கழுவியதும் முத்துக் கவுண்டர் கூடத்துக்கு அழைத்துப் போனார். வில்லியனூர் ஆசாரியை வரவழைத்து நேற்றுத்தான் மாட்டினாராம். சுவரில் லட்சுமி படம். பக்கத்தில், அதே மரம், அதே கண்ணாடி, அதே பூமாலை, பத்திரம். இரண்டும் ஒரே அளவாக இருக்கவேண்டும் என்று ஆசாரியிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாராம். கப்பலும் அவுரிச்செடியும் தெளிவாகத் தெரிந்தன. பத்திரத்தின் அடியில் கையெழுத்து இருந்த நாலு விரற்கடையை நறுக்கி, அந்த இடத்தில் சாவடி ரசீதை ஒட்டியிருந்தது.